பெருங்காய்ச்சல் வருமுன் நியாயத்தைப் பேசி வைப்போம்



விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்கிறோம். பக்கத்தில் நிற்பவர் இருமுகிறார். கண்கள் சிவந்து கிடக்கின்றன. "என்னண்ணே, காய்ச்சலா?" என்று கேட்கிறோம். "ஆமாம்பா, ராத்திரி பூரா உடம்பு கொதிச்சுது. என்ன செய்றது? ஒரு நாள் படுத்தா ஒரு நாள் கூலி போச்சே" என்கிறார். நாமும் தலையை ஆட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நம் நிரைக்குப் போய்விடுகிறோம்.

சாதாரணச் சளி என்றால் இதோடு கதை முடிந்தது. ஆனால் உலகத்தையே சுற்றி வரும் பெருங்காய்ச்சல் ஒன்று பரவிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்த ஒருவர் பிரட்டுக்கு வந்ததால் ஒரு லயமே படுத்துவிடக்கூடும். அப்படியானால் அவர் செய்தது தப்பா? கூலி இல்லாமல் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத மனிதரை, "நீ ஏன் வந்தாய்?" என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

இந்த மாதச் சுகாதாரப் பகுதியில் மருந்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. மருந்தோடு சேர்ந்து வரும் நியாய அநியாயத்தைப் பற்றியும் எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

புளூ என்றால் என்ன?

இன்புளூயன்சா என்பதைத்தான் சுருக்கமாகப் புளூ காய்ச்சல் என்கிறோம். இது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் வருவது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் பறக்கும் துளிகளில் அந்தக் கிருமி இருக்கும். கிருமி உள்ளே போன ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல் எல்லாம் வந்துவிடும். இதில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதன் பிறகும் ஏறக்குறைய ஒரு வாரம் தொற்றும்.

ஆண்டுதோறும் வந்து போகும் புளூ வேறு. சில சமயங்களில், பறவைகளிடமோ பன்றிகளிடமோ இருக்கும் கிருமி உருமாறி, மனித உடம்பு முன்பு பார்த்தறியாத புதுக் கிருமியாகக் கிளம்பும். எதிர்த்துப் போராடும் சக்தி பெரும்பாலோருக்கு இருக்காது. அதனால் நாடு விட்டு நாடு தாவும். இதைத்தான் உலகத் தொற்று என்கிறார்கள். 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் புளூ அப்படி வந்திருக்கிறது. 2020-இல் வந்த கோவிட் வேறு வகைக் கிருமி என்றாலும், அது கற்றுக் கொடுத்த பாடம் இதற்கும் பொருந்தும்.

1918-இல் வந்ததுதான் மிகக் கொடியது. உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல். அந்த ஆண்டு அக்டோபர் வாக்கில் மலாயாவையும் அது தாக்கி, பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. தோட்டங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த நம் பாட்டன் பூட்டன்மார் அதில் மிகவும் அடிபட்டவர்களில் சேர்ந்தவர்கள். கிழவரையும் குழந்தையையும் மட்டும் அது பார்க்கவில்லை. இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட, உழைத்துக்கொண்டிருந்த ஆண்களையும் பெண்களையும் அதிகமாகக் கொன்றது.

அந்தக் காய்ச்சலுக்கு "ஸ்பானியக் காய்ச்சல்" என்று பெயர் வந்த கதையும் ஒரு பாடம்தான். அது முதல் உலகப் போர்க்காலம். போரில் ஈடுபட்ட நாடுகள் படைவீரர்களின் மனம் தளரக்கூடாது என்று நோய்ச் செய்தியை அமுக்கி வைத்தன. ஸ்பெயின் போரில் இல்லை. அந்நாட்டுப் பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. கடைசியில் உண்மையைச் சொன்ன நாட்டின் மீதே பழி விழுந்தது. நோயை மறைப்பதும் ஒரு நோய்தான் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

டாக்டர் விஷயத்தில் நியாயம் எங்கிருந்து வந்தது?

"காய்ச்சல் வந்தால் டாக்டர் பார்த்துக்கொள்வார். இதில் நியாயம் அநியாயம் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள்.

புதுப் புளூ கிளம்பினால் அதற்கேற்ற தடுப்பூசியைச் செய்து முடிக்க ஐந்தாறு மாதங்கள் ஆகும். அதுவும் முதலில் கொஞ்சம்தான் கிடைக்கும். புளூவுக்கான மாத்திரை இருந்தாலும், காய்ச்சல் தொடங்கி இரண்டு நாட்களுக்குள் சாப்பிட்டால்தான் நன்றாகப் பலன் தரும். ஆஸ்பத்திரியில் கட்டிலும், மூச்சுவிட உதவும் இயந்திரமும் எண்ணி வைத்த அளவுதான். நோயாளிகள் ஆயிரம், இருப்பது நூறு என்றால், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது? இதை டாக்டர் படிப்பு மட்டும் தீர்மானிக்க முடியாது. இது ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டிய நியாயம்.

உலகச் சுகாதார நிறுவனமும் இதை உணர்ந்து, புளூ உலகத் தொற்றின்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை 2007-ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டியாக வெளியிட்டது. அதில் பேசப்பட்டவற்றில் நம்மைத் தொடுகிறவற்றை நம் தோட்டத்துக் கண்ணால் பார்ப்போம்.

யாருக்கு முதல் ஊசி?

"பந்திக்கு முந்திக்கோ" என்று ஒரு பேச்சு இருக்கிறது. விருந்துக்கு அது சரி. ஊசிக்குச் சரிவராது.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். டவுனில் இருப்பவர் காரில் ஏறிக் கால்மணி நேரத்தில் கிளினிக்கில் நிற்பார். கைத்தொலைபேசியில் பதிவு செய்யத் தெரிந்தவர் இருந்த இடத்திலிருந்தே இடம் பிடித்துவிடுவார். உள்தோட்டத்தில் இருப்பவர் மண்சடக்கைக் கடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒரு நாள் வேலையையும் விட்டுவிட்டுப் போய்ச் சேரும்போது ஊசி தீர்ந்து போயிருக்கும். வரிசை நேராக இருக்கலாம். வரிசைக்கு வரும் பாதை எல்லாருக்கும் ஒன்றாக இல்லையே! ஆகவே, தூரத்தில் இருக்கும் ஜனங்களிடம் ஊசி தேடி வர வேண்டும். அதுதான் நியாயம்.

காசு கொடுப்பவருக்கு முதலில், பதவியில் இருப்பவருக்கு முதலில் என்பதை யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்ளுக்குள் நடக்கக்கூடியது. துரை வீடு, கிராணி வீடு, அப்புறம் லயம் என்று வரிசை போகக்கூடாது.

பின் எப்படித்தான் கொடுப்பது? பொதுவாக அறிஞர்கள் ஒத்துக்கொள்ளும் வரிசை இது. நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர், தாதி, தோட்டத்து டிரஸர் போன்றவர்கள் முதலில். அவர்கள் பெரிய மனிதர்கள் என்பதற்காக அல்ல. அவர்கள் படுத்துவிட்டால் மற்றவர்களைப் பார்க்க ஆள் இல்லை என்பதற்காகவும், நமக்காக ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்காகவும். அடுத்து, நோய் வந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியவர்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், இனிப்புநீர், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் இதில் சேருவார்கள். ஆனால் இந்த வரிசை கல்லில் செதுக்கியது அல்ல. 1918-இல் இளவயதினர் அதிகம் மாண்டதைப் பார்த்தோம். 2009-இல் வந்த புளூவும் கர்ப்பிணிகளையும் வயதில் இளையவர்களையும் கடுமையாகத் தாக்கியது. நோய் யாரைக் கொல்லுகிறது என்று பார்த்து வரிசையை மாற்ற வேண்டும். மாற்றினால், ஏன் மாற்றினோம் என்று ஜனங்களுக்குச் சொல்லவும் வேண்டும்.

நாடுகளுக்கு இடையிலும் இதே கதைதான். 2009-இல் பணக்கார நாடுகள் ஊசி தயாராவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டுப் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டன. ஏழை நாடுகளுக்குத் தானமாகத்தான் ஊசி போயிற்று. அதுவும் பெரும்பாலும் காலம் கடந்து. நம் அண்டை நாடான இந்தோனேசியா இதை முன்பே தட்டிக் கேட்டது. பறவைக் காய்ச்சலின் கிருமி மாதிரிகளை 2007-இல் வெளியே அனுப்ப மறுத்தது. "எங்கள் நோயாளியிடமிருந்து கிருமியை எடுத்து ஊசி செய்வீர்கள். அந்த ஊசியை நாங்களே வாங்க முடியாத விலைக்கு விற்பீர்கள். இது என்ன நியாயம்?" என்பதுதான் அதன் வாதம். கிருமியை மறைத்தால் உலகத்துக்கே ஆபத்து என்று எதிர்த்தவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பேசி, கிருமியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் பலனையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2011 மே மாதம் உலகச் சுகாதார மாநாட்டில் ஓர் ஏற்பாடு நிறைவேறியது. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?

வீட்டோடு இரு என்றால் அடுப்பு எப்படி எரியும்?

இதுதான் நமக்கு மிக முக்கியமானது.

நோயாளியைத் தனியே வைப்பதும், அவரோடு பழகியவரைச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பதும் நோயைத் தடுக்கும் பழைய வழிகள். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டை நாம் யாரும் மறந்திருக்க முடியாது.

அந்த அதிகாரம் தேவைதான். ஆனால் அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 1984-இல் இத்தாலியிலுள்ள சிரக்கூசா நகரில் சட்ட வல்லுநர்கள் கூடி, மனித உரிமைகளை அரசாங்கம் எப்போது கட்டுப்படுத்தலாம் என்று விதிகள் வகுத்தார்கள். சட்டப்படி செய்ய வேண்டும். உண்மையான தேவை இருக்க வேண்டும். தேவைக்கு மேல் போகக்கூடாது. ஆளைப் பார்த்து, இனத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது. ஒரு லயத்தில் நோய் வந்தால் அந்த லயத்துக்கு மட்டும் செய்ய வேண்டியதைத் தோட்டம் முழுவதற்கும் செய்யலாமா? ஒரு வாரம் போதும் என்றால் ஒரு மாதம் பூட்டி வைக்கலாமா? கூடாது.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஒரு மனிதனை "ஊருக்காக நீ வீட்டில் இரு" என்று சொன்னால், அவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊரின் கடமை. 2003-இல் சிங்கப்பூரில் சார்ஸ் நோய் வந்து 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொன்றபோது, வீட்டில் இருக்கச் சொல்லி உத்தரவிடப்பட்டவர்களில் சொந்தத் தொழில் செய்தவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. இதைத் தர்மம் என்று நினைக்கக்கூடாது. காசு இல்லாமல் பூட்டி வைத்தால் பின்கதவு வழியாக வெளியே போவார்கள். காசு கொடுத்தால் நிம்மதியாக இருப்பார்கள். நோயும் அடங்கும்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதி இல்லாமல் வேலைக்கு வராதவர் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே, ஆள் படுத்துவிட்டால் மனைவியோ பிள்ளையோ மண்டோரிடம் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது. சீட்டின் நகலையும் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்த விடுப்பு நோயாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நோய் இல்லாமல், நோயாளியோடு பழகிய காரணத்துக்காக ஒரு வாரம் ஒதுக்கி வைக்கப்படும் தொழிலாளிக்கு யார் சம்பளம் கொடுப்பது? வெட்டுக்கூலிக்கும் குலைக்கூலிக்கும் வேலை செய்கிறவருக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது? வீட்டில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் நிற்கும் தாய்க்கு என்ன வழி? எந்த வீட்டிலும் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள்தானே. இவற்றுக்கெல்லாம் பதிலை நோய் வந்த பிறகு தேடக்கூடாது. இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று. "தனி அறையில் இருங்கள், தனிக் கழிவறையைப் பயன்படுத்துங்கள்" என்று சுகாதார அறிவிப்பு சொல்லும். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தால் தனி அறைக்கு எங்கே போவது? இப்படிப்பட்ட வீடுகளுக்கு, தண்ணீரும் கழிவறையும் உள்ள சமூக மண்டபத்தையோ வேறு பொதுக் கட்டடத்தையோ ஒதுக்கித் தர வேண்டும். முடியாததைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று குறை சொல்வது நியாயம் ஆகாது.

நோயாளியைத் தொடுபவர் யார்?

சிங்கப்பூரில் சார்ஸ் பிடித்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் மருத்துவ ஊழியர்கள். நம்மைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள்.

தோட்டத்தில் டிரஸர், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா, குப்பை அள்ளுபவர், நோயாளியை ஏற்றிச் செல்லும் லோரி டிரைவர், எல்லாருமே அந்த வரிசையில் நிற்பவர்கள். "உன் வேலை, நீதான் செய்ய வேண்டும்" என்று சொன்னால் மட்டும் போதாது. முகக்கவசம், கையுறை, ஊசி எல்லாம் முதலில் அவர்கள் கைக்குப் போக வேண்டும். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வேலையினால் நோய் வந்தால் சொக்சோவுக்குத் தெரிவிக்க நிர்வாகம் உதவ வேண்டும். அவர்கள் கடமையை நாம் கேட்கிறோம் என்றால், அவர்கள் பாதுகாப்பையும் நாமே கேட்க வேண்டும்.

பக்கத்து லயத்து மனிதர்

இன்றைக்குப் பல தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா என்று பல நாட்டிலிருந்து வந்தவர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். நோய் வந்தால், "அவங்கதான் கொண்டு வந்தாங்க" என்று சொல்வது சுலபம். ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன்மாரைப் பார்த்தும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

2020-இல் சிங்கப்பூரில் கோவிட் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்குவிடுதிகளில் அடைந்து கிடந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் பலர். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்த இடத்தில் நோய் வேறு என்ன செய்யும்? அதே 2020 மே மாதம் கோலாலம்பூரில், கட்டுப்பாட்டுக் காலத்திலேயே, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டார்கள். பிடிபடுவோம் என்ற பயம் இருந்தால் காய்ச்சல்காரர் கிளினிக்குக்கு வருவாரா? செம்பனைக் காட்டுக்குள்தான் ஒளிவார். கிருமியும் அவரோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும். 2021-இல் கோவிட் ஊசி போடத் தொடங்கியபோது, நாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கும், ஆவணம் இல்லாதவர்களுக்கும்கூட இலவசமாக ஊசி என்று அரசாங்கம் அறிவித்தது. அதுதான் அறிவுள்ள வழி. கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

லயத்துக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்காத வீடு குறைவு. பறவைக் காய்ச்சல் 2004 ஆகஸ்டில் கிளந்தானிலும், 2006-இல் சிலாங்கூர் கோம்பாக் பகுதியிலும் பிறகு பேராவிலும் பினாங்கிலும் கோழிகளிடையே வந்தது. அப்போது நம் நாட்டில் மனிதர் யாரையும் அது பிடிக்கவில்லை. ஆனால் 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. உடனே அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள்.

கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அறுத்துச் சமைக்காதீர்கள். கால்வாயில் வீசாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். "சொன்னா எல்லாக் கோழியையும் பிடிச்சுக் கொன்னுடுவாங்களே" என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் அழிக்கப்படும் கோழிக்கு ஈடு கொடுக்க வேண்டும், அதுவும் தாமதம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஈடு இருந்தால் செய்தி வெளியே வரும். இல்லாவிட்டால் இருட்டோடு இருட்டாகக் கோழி அடுத்த ஊருக்கு விலை போய்விடும்.

நம் கடமை என்ன?

உரிமையைப் பேசிவிட்டுக் கடமையை மறந்தால் அதுவும் நியாயம் இல்லை.

காய்ச்சலும் இருமலும் இருந்தால் மறைக்காதீர்கள். இருமும்போது வாயை மூடுங்கள். முகக்கவசம் போடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். புளூவுக்கு ஆண்டிபயாட்டிக் மருந்து கேட்டு டிரஸரோடு சண்டை போடாதீர்கள். அது வைரசைக் கொல்லாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சுத் தடுமாறினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

நோய் வந்த வீட்டை ஒதுக்காதீர்கள். வாசலில் ஒரு தூக்குச் சோற்றையும் சுடுதண்ணீரையும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "அக்கா, சாப்பாடு வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க" என்று குரல் கொடுங்கள். அந்தக் குரல் பாதி மருந்து. கேள்விப்பட்டதையெல்லாம் கைத்தொலைபேசியில் அனுப்பிப் பீதியைக் கிளப்பாதீர்கள். உதவிப் பொருள் வந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு தரம் வாங்காதீர்கள். அடுத்த வீட்டுச் சோறு அது.

இப்போதே கேட்டு வைக்க வேண்டியவை

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை வையுங்கள். நிர்வாகத்திடமும் எழுதிக் கேளுங்கள்.

ஒதுக்கி வைக்கப்படும் தொழிலாளிக்குச் சம்பளம் எப்படி, எந்தக் கணக்கில்?

வீட்டில் இடம் இல்லாதவர்களை எந்தக் கட்டடத்தில் தங்க வைப்பது? அங்கே தண்ணீர், கழிவறை, மின்சாரம் இருக்கிறதா?

அரிசி, பருப்பு, பால்மாவை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது யார்?

தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, நோயாளி எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் டிரஸரிடம் இருக்கிறதா?

ராத்திரியில் ஆள் மூச்சுத் திணறினால் எந்த வண்டி, எந்த டிரைவர்?

மலாய், தமிழ், வங்காளி, நேப்பாளி என்று அவரவர் மொழியில் உண்மையான செய்தியைச் சொல்வது யார்?

யாராவது இறந்தால், அதிகாரிகள் அனுமதிக்கும் அளவுக்குள் குடும்பத்தார் முகம் பார்த்துச் சடங்கு செய்ய என்ன வழி?

ஒரு முடிவு அநியாயம் என்று பட்டால் யாரிடம் முறையிடுவது?

இவற்றுக்குப் பதில் இல்லாத தோட்டம், மழைக்கு முன் கூரை மேயாத வீடு போன்றது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டும் இல்லை.

மறுபடியும் அந்தப் பிரட்டுக் களத்துக்கு வருவோம். கண் சிவந்து நிற்கும் அந்த அண்ணனிடம், "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, உங்க கூலி எங்கேயும் போகாது" என்று மண்டோர் சொல்லும் நாள் வந்தால், பெருங்காய்ச்சலைத் தடுக்கும் வேலையில் பாதி முடிந்ததாக அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டியது நம் எல்லாருடைய வேலை. அதை நோய் இல்லாத இந்த நாளிலேயே தொடங்குவோம்.